சர்வீஸ் போடுபவரின் கையைக் கட்டிய நூல்: இறகுப்பந்து விதிகளுக்கு ஓர் உரை

பாயிரம்

நம் ஊரில் ஷட்டில் ஆடாத தெரு அரிது. அபார்ட்மென்ட் வாசலில், பள்ளி மைதானத்தில், மணிக்கு இவ்வளவு என்று வாடகை வாங்கும் உள்ளரங்கில் என எங்கும் ஆடுகிறார்கள். ஆனால் இந்த ஆட்டத்தின் விதிநூலை முழுதாக வாசித்தவர்கள் மிகக் குறைவு. விதிகள் நமக்குச் செவிவழியாகவே வந்து சேர்கின்றன. அதனால் ஒரு கோர்ட்டில் செல்லுபடியாகும் சர்வீஸ் பக்கத்துக் கோர்ட்டில் செல்லாமல் போகிறது. ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் பாதி நேரம் வாக்குவாதத்திலேயே கழிகிறது.

உலக பேட்மிண்டன் கூட்டமைப்பு வெளியிடும் விதிநூலில் இருப்பவை 17 விதிகள்தான். அவற்றில் முக்கியமானவற்றின் கருத்தை என் சொற்களில் தந்து, அதன் கீழ் விளக்கம் எழுதுகிறேன். இந்நூலை ஊன்றி வாசித்தால் ஒன்று தெளிவாகும். முதல் அடி அடிப்பவரின் கையை இது திட்டமிட்டுக் கட்டிவைக்கிறது. உயரே தூக்கிப் போடும் டாஸ், வலையருகே விழவிடும் டிராப், ஓங்கி இறக்கும் ஸ்மாஷ், நெட்டருகே வருடிவிடும் டிரிப்ளிங் என்று நாம் பழகும் அடிகளுக்கெல்லாம் இடம் கிடைத்தது அந்தக் கட்டினால்தான்.

நூல் வந்த வழியையும் சொல்ல வேண்டும். இறகு செருகிய பந்தை மட்டையால் தட்டித் தட்டிக் கீழே விழாமல் காப்பது ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் பழைய விளையாட்டு. நடுவே ஒரு வலையைக் கட்டி அதைப் போட்டியாக மாற்றியதில் இந்தியாவில் இருந்த ஆங்கிலேய அதிகாரிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. புனா படைமுகாமில் ஆடப்பட்டதால் ஆட்டத்துக்கே ‘புனா’ என்று ஒரு பெயர் இருந்தது. இறகு காற்றுக்கு நிற்காது என்பதால் கம்பளி நூல் பந்தால் ஆடும் வழக்கமும் இங்கே இருந்தது. தஞ்சை அரச குடும்பத்தார் 1850களில் ஆடியதாகச் சொல்லப்படும் பூப்பந்தாட்டம் அந்தக் கிளையைச் சேர்ந்தது. நம் கிராமங்களில் இன்றும் அதற்குத் தனி அணிகள் உண்டு. ஊர் திரும்பிய அதிகாரிகள் ஆட்டத்தை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கிளாஸ்டர்ஷயரில் போஃபோர்ட் கோமகனின் மாளிகையான பேட்மிண்டன் ஹவுஸின் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது.

கழகத்துக்குக் கழகம் வேறுபட்ட விதிகளை ஒழுங்குபடுத்த 1893-ல் போர்ட்ஸ்மத் நகரில் இங்கிலாந்து பேட்மிண்டன் சங்கம் கூடியது. 1899-ல் ஆல் இங்கிலாந்து போட்டி தொடங்கியது. அப்போதைய கோர்ட்டைப் பார்த்தால் நமக்கு அடையாளமே தெரியாது. வலை இருக்கும் நடுப்பகுதி ஒடுங்கி, இரு முனைகளும் அகன்றிருக்கும்; 1901-ல்தான் அது செவ்வகமானது. 1934-ல் 9 நாடுகள் சேர்ந்து சர்வதேசக் கூட்டமைப்பைத் தொடங்கின. இந்தியா 1936-ல் சேர்ந்தது. 2006-ல் பெயர் மாறி, இப்போது கோலாலம்பூரிலிருந்து இயங்கும் அந்த அமைப்புதான் இந்நூலுக்கு ஆசிரியர்.

விதி 1: ஆடுகளமும் வலையும்

களத்தின் நீளம் 13.40 மீட்டர். அகலம் இரட்டையருக்கு 6.10, ஒற்றையருக்கு 5.18. கோட்டின் தடிமன் 40 மில்லிமீட்டர்; ஒவ்வொரு கோடும் அது எல்லையிடும் பகுதியைச் சேர்ந்தது. வலையின் மேல்விளிம்பு கம்பத்தருகே 1.55 மீட்டர், நடுவில் 1.524 மீட்டர்.

“கோடும் பகுதியைச் சேர்ந்தது” என்பதால், பந்தின் கார்க் கோட்டை உரசினாலும் அது உள்ளேதான். பாதி உள்ளே, பாதி வெளியே என்று பேசுவதற்கு நூலில் இடமில்லை.

கம்பத்தைவிட நடுவில் வலை 26 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கிறது. விரற்கடை அளவுதானே என்று விட்டுவிட முடியாது. இரட்டையர் ஆட்டத்தில் நடுக்கோட்டை ஒட்டிச் சர்வீஸ் போடச் சொல்லிக் கொடுப்பதற்கு இது ஒரு காரணம். நெட்டருகே டிரிப்ளிங் ஆடுபவரும் நடுவில் ஆடும்போது அந்தத் தாழ்வைப் பயன்படுத்திக்கொள்கிறார்.

ஒருவருக்கு உரிய பக்கத்தின் நீளம் 6.70 மீட்டர். நல்ல ஆட்டக்காரர் நடுவிலிருந்து சில எட்டுகளில் எந்த மூலைக்கும் போய்விடுவார். ஓடிக் களைப்பதற்குக் காரணம் தூரம் அல்ல. போன வேகத்தில் நின்று, திரும்பி, மறுபடி நடுவுக்கு வர வேண்டியிருப்பதுதான். முன்னே ஒரு டிராப், பின்னே ஒரு டாஸ் என்று எதிராளியை மூலைவிட்டமாக இழுப்பது ஒற்றையர் ஆட்டத்தின் அரிச்சுவடி.

விதி 2: பந்து

கார்க்கில் 16 இறகுகள் செருகியிருக்க வேண்டும். எடை 4.74 கிராமிலிருந்து 5.50 கிராம் வரை. இறகின் நீளம் 62-க்கும் 70-க்கும் இடைப்பட்ட மில்லிமீட்டர்; ஒரு பந்தில் எல்லா இறகும் ஒரே நீளம். செயற்கைப் பொருளால் செய்த பந்துக்கும் அனுமதி உண்டு.

இந்த ஆட்டத்தின் இயல்பு முழுவதும் இந்தச் சிறு விதிக்குள் இருக்கிறது. கனம் கார்க்கில் இருக்கிறது. விரிந்த இறகுகள் காற்றைத் தடுக்கின்றன. எப்படி அடித்தாலும் பந்து கணத்தில் புரண்டு கார்க்கை முன்னே நீட்டிக்கொண்டு பறக்கிறது. அடித்த கணத்தில் இருக்கும் வேகம் சில மீட்டரிலேயே வெகுவாகக் குறைந்துவிடுகிறது. வேறு எந்த மட்டை ஆட்டத்திலும் பந்து இவ்வளவு விரைந்து கிளம்பி இவ்வளவு விரைவில் தளர்வதில்லை.

2023 ஏப்ரலில் ஜப்பானின் சோகா நகரில் நடந்த சோதனையில் இந்திய ஆட்டக்காரர் சாத்விக்சாய்ராஜ் ராங்கிரெட்டி அடித்த ஸ்மாஷ் மணிக்கு 565 கிலோமீட்டர் என்று கின்னஸில் பதிவானது. மட்டையை விட்டுப் புறப்படும் நேரத்து வேகம் அது. எதிர்ப்பக்கம் வந்து சேரும்போது அதில் சிறு பங்குதான் மிஞ்சும். ஸ்மாஷை எடுக்க முடிவதற்கும், ஒரே ஸ்மாஷில் புள்ளி கிடைக்காமல் மூன்று நான்கு தொடர்ந்து அடிக்க வேண்டியிருப்பதற்கும் இதுவே காரணம்.

டாஸின் பயனும் இங்கேதான் விளங்கும். கிரிக்கெட் பந்தைத் தூக்கி அடித்தால் ஏறிய அளவுக்குச் சாய்வாகவே இறங்கும். ஷட்டில் அப்படி இறங்காது. மேலே போய்த் தளர்ந்து, கடைசியில் கிட்டத்தட்ட செங்குத்தாக விழும். நன்றாகப் போட்ட டாஸ் எதிராளியின் பின்கோட்டருகே நேர் மேலிருந்து இறங்கும்போது, அவர் பின்னே போயாக வேண்டும். அங்கிருந்து அடிக்கும் ஸ்மாஷ் தொலைவினால் வலுவிழந்து வரும். டாஸ் போடுபவர் பயந்து ஆடுகிறார் என்று நினைப்பவர்கள் 1980 ஆல் இங்கிலாந்து இறுதியாட்டத்தைத் தேடிப் பார்க்கட்டும். எம்பி அடிக்கும் ஸ்மாஷுக்குப் பேர்போன இந்தோனேசியாவின் லியெம் ஸ்வீ கிங்கை, பிரகாஷ் படுகோன் டாஸும் டிராப்புமாக நிதானம் குலைத்து 15-3, 15-10 என்று வென்றார்.

விதி 3: பந்தின் வேகச் சோதனை

பின்கோட்டின் மேலிருந்து, கீழ்க்கையால், முழு வலுவுடன், பக்கக்கோட்டுக்கு இணையாக அடித்துப் பார்க்க வேண்டும். எதிர்ப் பின்கோட்டுக்கு 530 மில்லிமீட்டருக்குக் குறையாமலும் 990 மில்லிமீட்டருக்கு மேற்படாமலும் முன்னே விழுந்தால் அது சரியான பந்து.

ஒரே டப்பாவில் வாங்கிய பந்து சென்னையில் ஒரு விதமாகவும், கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ள பெங்களூரில் வேறு விதமாகவும் பறக்கும். உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு. தடை குறைந்து பந்து கூடுதல் தூரம் போகும். வெப்பத்திலும் அப்படியே. அதனால்தான் வேக எண் பார்த்துப் பந்து வாங்குகிறார்கள். கோர்ட்டுக்குப் போனதும் முதல் வேலையாக இந்தச் சோதனையைச் செய்தால், “என் டாஸ் எல்லாம் ஏன் வெளியே போகிறது” என்று நடு ஆட்டத்தில் புலம்ப வேண்டியதில்லை.

விதிகள் 4, 5: மட்டையும் தகுதியும்

மட்டையின் நீளம் 680 மில்லிமீட்டரையும் அகலம் 230 மில்லிமீட்டரையும் தாண்டக் கூடாது. எடைக்கு வரம்பு இல்லை. ஐயம் எழுந்தால் முடிவு கூட்டமைப்புடையது. இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

விதிகள் 6, 7, 8: சுண்டுதல், புள்ளி, பக்கம் மாறுதல்

நாணயம் சுண்டி வென்றவர் சர்வீஸையோ பக்கத்தையோ தேர்ந்துகொள்ளலாம். மூன்று கேமில் இரண்டை வென்றவர் வெற்றியாளர். முதலில் 21 எடுத்தவருக்குக் கேம்; 20-20 ஆனால் இரண்டு புள்ளி முந்த வேண்டும்; 29-29 ஆனால் 30-ஆவது புள்ளி முடிவு செய்யும். யார் சர்வீஸ் போட்டிருந்தாலும், சர்வீஸிலிருந்து பந்து விழும் வரை நீளும் ரேலியை வென்றவருக்குப் புள்ளி.

இந்த முறை 2006-ல் வந்தது. அதற்கு முன்பு சர்வீஸ் போட்டவர் வென்றால்தான் புள்ளி. மற்றவர் வென்றால் சர்வீஸ் மட்டும் கைமாறும். கேமுக்கு 15 புள்ளி, பெண்கள் ஒற்றையருக்கு 11. சர்வீஸ் மாறி மாறிப் போய்க்கொண்டே இருக்க, பலகையில் எண் அசையாமல் நிற்கும் நேரங்கள் உண்டு. 1997-ல் கிளாஸ்கோ உலகப் போட்டியின் ஆண்கள் இறுதியில் டென்மார்க்கின் பீட்டர் ராஸ்முசென் சீனாவின் சுன் ஜுன்னை வெல்ல 124 நிமிடம் ஆனது.

புதிய முறை ஆட்டத்தைச் சுருக்கிவிட்டது, பொறுமையைக் கொன்றுவிட்டது என்ற குறை இன்றும் கேட்கிறது. நான் அதை ஏற்கவில்லை. அதே கிளாஸ்கோவில் 2017-ல் பி.வி. சிந்துவும் நொசோமி ஒகுஹாராவும் ஆடிய இறுதி 110 நிமிடம் நீண்டது. இரண்டாவது கேமை முடித்த ரேலியில் மட்டும் 73 அடிகள். அதைச் சிந்து வென்றார், ஆட்டத்தை ஒகுஹாரா வென்றார். ஒவ்வொரு ரேலிக்கும் விலை உண்டு என்று ஆன பிறகு, எந்தப் பந்தையும் விட மனம் வராத ஆட்டம் பிறந்தது. பழைய முறையில் புள்ளி எடுப்பது ஏன் அவ்வளவு கடினமாக இருந்தது என்பதற்குக் காரணம் அடுத்த விதியில் இருக்கிறது.

விதி 9: சர்வீஸ்

நூலின் உயிர் இங்கே. இதைக் கூறு கூறாகப் பிரித்தே பார்க்க வேண்டும்.

தாமதம் கூடாது. இருவரும் தயாரான பின், மட்டை பின்னே போய் நின்றதும் முன்னே வந்தாக வேண்டும். தொடங்கிய அசைவு நடுவில் நிற்கக் கூடாது. பாவனை காட்டி, நிறுத்தி, எதிராளி அசைந்ததும் அடிப்பவர்களைத் தடுக்கும் கூறு இது.

கால் நகரக் கூடாது. சர்வீஸ் தொடங்கியதிலிருந்து பந்து அடிபடும் வரை இரு பாதங்களின் ஏதேனும் ஒரு பகுதி தரையில் ஊன்றி இருக்க வேண்டும். கோட்டை மிதிக்கக் கூடாது. இது சர்வீஸை எடுப்பவருக்கும் பொருந்தும் என்பதைப் பலர் அறிவதில்லை. பந்து அடிபடும் முன்னே பாய்கிறவர் தவறு செய்கிறார்.

முதலில் கார்க்கில் பட வேண்டும். இந்தக் கூறுக்குப் பின்னால் ஒரு குடும்பமே இருக்கிறது. மலேசியாவின் சிடெக் சகோதரர்கள் மட்டையைச் சாய்த்து இறகில் படும்படி வெட்டிச் சர்வீஸ் போட்டார்கள். பந்து தள்ளாடி, எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாமல் வந்தது. எதிராளிகள் திணறினார்கள், ரேலி தொடங்கும் முன்பே முடிந்தது. 1982-ல் அது தடை செய்யப்பட்டது. நாற்பது ஆண்டு கழித்து, பந்தை விடும்போதே விரலால் சுழற்றிவிட்டுக் கார்க்கில் அடிக்கும் முறையை டென்மார்க் ஆட்டக்காரர் ஒருவர் கொண்டுவந்தார். எழுத்தளவில் விதியை மீறவில்லை. ஆனாலும் 2023-ல் கூட்டமைப்பு அதையும் தடுத்தது. திறமையை ஒடுக்குகிறார்கள் என்று அப்போது குரல்கள் எழுந்தன. என் தீர்ப்பு கூட்டமைப்பின் பக்கம். எடுக்கவே முடியாத சர்வீஸ் வந்தால் மற்ற எல்லா அடிகளும் வீணாகிவிடும்.

உயரம் கடக்கக் கூடாது. அடிபடும் கணத்தில் பந்து முழுவதும் தரையிலிருந்து 1.15 மீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும். முன்பு இது இடுப்பளவு. இடுப்பு என்றால் கடைசி விலா எலும்பின் கீழ்விளிம்பு என்று பொருள் கொண்டார்கள். சட்டைக்குள் இருக்கும் எலும்பை நடுவர் எப்படிப் பார்ப்பார்? 2018 மார்ச்சில் ஆல் இங்கிலாந்து போட்டியில் 1.15 மீட்டர் அளவு நடைமுறைக்கு வந்தது. சர்வீஸ் நடுவரின் முன் கோடிட்ட இரண்டு ஒளிபுகும் தகடுகள் நிற்கின்றன. இரண்டு கோடுகளும் ஒன்றாகத் தெரியும்படி பார்வையை வைத்து, பந்து அதற்கு மேலே இருந்ததா என்று சொல்கிறார். 194 செ.மீ. உயரமுள்ள விக்டர் அக்செல்சனுக்கும் 156 செ.மீ. உயரமுள்ள அகானே யமகுச்சிக்கும் இப்போது ஒரே அளவு. நெடியவர்கள் குனிந்து போட வேண்டியிருக்கிறது. அவர்களுடைய மனக்குறையில் நியாயம் உண்டு. ஆனால் எல்லாருக்கும் தெரியும் கோடு, யாருக்கும் தெரியாத விலா எலும்பைவிட மேல்.

பந்து மேல்நோக்கிப் புறப்பட வேண்டும். எல்லாக் கூறுகளையும் தாங்கி நிற்பது இதுதான். அடிக்கும் இடம் 1.15 மீட்டருக்குக் கீழே. வலையின் நடு 1.524. ஆக, எப்படிப் போட்டாலும் பந்து 37 செ.மீ.க்கு மேல் ஏறியாக வேண்டும். டென்னிஸில் தலைக்கு மேலிருந்து இறக்கி, சர்வீஸிலேயே புள்ளி எடுக்கலாம். இங்கே சர்வீஸ் போடுபவர் பந்தைத் தூக்கி எதிராளிக்கு அளிக்கிறார். முதல் தாக்குதல் எதிராளிக்கே. பழைய முறையில், இந்தப் பின்தங்கிய நிலையிலிருந்து ரேலியை வென்றால்தான் புள்ளி. பலகை அசையாமல் நின்றதன் காரணம் இதுதான்.

இந்தக் கட்டுக்குள் நின்று என்ன செய்யலாம் என்று தேடியதில் பிறந்தது இன்றைய தாழ்ந்த பேக்ஹேண்ட் சர்வீஸ். சர்வீஸ் போடுபவர் வலைப்பக்கச் சர்வீஸ் கோடான முன்கோட்டை மிதிக்காமல் ஒட்டி நிற்கிறார். மட்டைப்பிடியைச் சற்று மேலே பிடித்து, கட்டை விரலைப் பிடியின் அகன்ற பக்கத்தில் பதிக்கிறார். மறுகையின் இரு விரல்கள் இறகின் நுனியை மட்டும் பற்றியிருக்கின்றன. கார்க் மட்டையை நோக்கி இருக்கிறது. வீச்சு இல்லை, தள்ளல்தான். நன்றாகப் போட்டால் பந்தின் உச்சி தம் பக்கத்திலேயே முடிந்து, வலையைத் தாண்டும்போது இறங்கத் தொடங்கியிருக்கும். எதிரே நிற்பவர் மட்டையை உயர்த்தி முன்கோட்டருகே காத்திருக்கிறார். பந்து வலைக்கு மேலே நான்கு விரல் கூடுதலாக எழுந்தால் தட்டி முடித்துவிடுவார். அவர் முன்னே சாய்ந்து நிற்கப் பழகிவிட்டார் என்று கண்டதும், அதே அசைவில் கடைசி நொடியில் மணிக்கட்டைச் சுண்டித் தலைக்கு மேலே அனுப்புவது ஃபிளிக் சர்வீஸ். முன்கை முழுவீச்சில் உயரே போடும் பழைய சர்வீஸ் இன்று ஒற்றையரில்தான் மிஞ்சியிருக்கிறது.

விதிகள் 10, 11, 12: ஒற்றையர், இரட்டையர், இடம் மாறிய பிழை

சர்வீஸ் போடுபவரின் புள்ளி இரட்டைப்படை என்றால் வலப்பக்கத்திலிருந்து, ஒற்றைப்படை என்றால் இடப்பக்கத்திலிருந்து போட வேண்டும். இரட்டையரில் சர்வீஸ் செல்லும் கட்டம் பின்கோட்டுக்கு 76 செ.மீ. முன்பே முடிந்துவிடும்.

இந்த 76 செ.மீ. தான் இரட்டையரை வேறு ஆட்டமாக்குகிறது. ஃபிளிக் போட்டாலும் அது பின்கோடு வரை போக முடியாது. எட்டி ஸ்மாஷ் அடிக்கும் தூரத்தில்தான் விழும். ஆகவே பெரும்பாலும் தாழ்ந்த சர்வீஸே. அந்தக் கோடு சர்வீஸுக்கு மட்டும் உரியது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ரேலி தொடங்கிய பின் அதற்கும் பின்கோட்டுக்கும் இடையே விழும் பந்து உள்ளேதான். தம் அணி சர்வீஸ் போட்டுப் புள்ளி எடுத்தால் மட்டுமே இணையர் இடம் மாறுவார்கள். யாராவது இடம் மாறி நின்றது பிறகு தெரிந்தால், நிலையைத் திருத்திக்கொண்டு தொடர வேண்டும். எடுத்த புள்ளி நிற்கும்.

விதிகள் 13, 14: தவறும் மறு ஆட்டமும்

பந்து உடலிலோ உடையிலோ பட்டால் தவறு. கூரையில் பட்டால் தவறு. மட்டையோ உடலோ வலையில் பட்டால் தவறு. எதிர்ப்பக்கம் போய்ப் பந்தை அடிக்கக் கூடாது. தம் பக்கத்தில் அடித்த பின் மட்டை வலைக்கு மேலே தொடர்ந்து போகலாம். வலையைத் தாண்டிய பந்து வலையிலேயே சிக்கினால் மறுபடி ஆட வேண்டும், சர்வீஸ் தவிர.

பந்து வெளியேதானே போகிறது என்று ஒதுங்காமல் நிற்பவர் தோளில் அது பட்டால் புள்ளி எதிராளிக்கு. கோட்டுக்கு வெளியே நின்றிருந்தாலும் அப்படித்தான். இதைவிட அதிகம் சண்டை நடப்பது சர்வீஸ் வலையை உரசும்போது. உரசிவிட்டுச் சரியான கட்டத்தில் விழுந்தால் அது நல்ல சர்வீஸ். டென்னிஸ் பழக்கத்தில் “லெட், லெட்” என்று கத்திப் பந்தை விடுபவர் புள்ளியை இழக்கிறார்.

வலையைத் தொடாதே என்ற விதி டிரிப்ளிங்குக்கு நுணுக்கம் சேர்த்தது. பந்தை எவ்வளவு உயரத்தில் எடுக்கிறோமோ அவ்வளவு லாபம். ஆனால் வலை கையருகே இருக்கிறது; வீசினால் மட்டை வலையில் படும். ஆகவே பிடியைத் தளர்த்தி, மட்டையைத் தட்டையாக வைத்து, கார்க்கின் அடியை மெல்ல வருடிவிடுகிறார்கள். பந்து குட்டிக்கரணம் போட்டபடி வலையை ஒட்டி விழுகிறது. அது நேராகும் வரை எதிராளி காத்திருக்க வேண்டும். அதற்குள் பந்து தரையருகே போய்விடும். பிறகு தூக்கிப் போடுவதைத் தவிர அவருக்கு வழியில்லை. அந்தத் தூக்கலுக்காகவே பின்னே ஒருவர் ஸ்மாஷுக்குத் தயாராக நிற்கிறார்.

விதி 16: தொடர்ச்சியும் நடத்தையும்

ஒருவர் 11 புள்ளியை எட்டியதும் 60 விநாடியும் கேம்களுக்கு இடையே 120 விநாடியும் இடைவேளை. மற்ற நேரத்தில் ஆட்டம் தொடர வேண்டும். இறகை வேண்டுமென்றே மடக்கி வேகத்தை மாற்றக் கூடாது.

நடத்தை பற்றிய விதிகளின் கடுமையை 2012 லண்டன் ஒலிம்பிக் காட்டியது. அடுத்த சுற்றில் எளிய எதிராளி கிடைக்க வேண்டும் என்று தோற்கும் நோக்கில் ஆடிய நான்கு பெண்கள் இரட்டையர் இணைகள் வெளியேற்றப்பட்டன. வேண்டுமென்றே சர்வீஸை வலையில் போட்டவர்களைப் பார்த்து அரங்கமே கூச்சலிட்டது. அந்த முடிவு சரியானது.

இதுவரை பார்த்த விதிகள்தான் பாரா பேட்மிண்டனுக்கும் அடிப்படை. சக்கர நாற்காலி ஒற்றையர் போன்ற சில பிரிவுகளுக்குக் களத்தின் அகலத்தைப் பாதியாக்கியிருக்கிறார்கள். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் நம் துளசிமதி முருகேசன் வெள்ளியும், மனிஷா ராமதாஸும் நித்யஸ்ரீ சிவனும் வெண்கலமும் வென்றது முழுக் களத்தில் ஆடியே.

முடிவாக, பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோரிடமும் சொல்லித் தருபவர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். முதல் மாதமே ஸ்மாஷ் பழக்காதீர்கள். ஒன்பதாம் விதியைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கோர்ட்டுச் சுவரில் ஒட்டுங்கள். தரையிலிருந்து 1.15 மீட்டர் உயரத்தில் சுவரில் ஒரு கோடு கிழியுங்கள். அந்தக் கோட்டுக்குக் கீழே, கால் நகராமல், கார்க்கில் பட்டுப் போகும் சர்வீஸைப் பிள்ளைகள் முதலில் கற்றுக்கொள்ளட்டும்.